ஆர்எஸ்எஸ் ஓடையை ஒழுங்குபடுத்துவது எப்படி? ஒரு கோவில் தளத்தின் அனுபவம்

"தம்பி, ஒரே ராத்திரியில நாற்பது பதிவு எழுதியிருக்கியே, தூங்கினியா இல்லையா?"

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் காலையிலேயே கூப்பிட்டுக் கேட்டார். நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. முந்தின நாள் எங்கள் கோவில் தளத்தின் முகவரியை மாற்றினேன். அப்போது தொடக்கூடாத ஒன்றையும் தொட்டுவிட்டேன். பழைய பதிவுகள் நாற்பதும் புதியவை போல அவர் பதிவுகளைப் படிக்கும் செயலியில் போய் விழுந்திருக்கின்றன. அதற்கப்புறம்தான் ஓடை என்கிற விஷயத்தை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். நீங்கள் அந்த வழியாக வர வேண்டாம் என்பதற்காக இது.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஆர்எஸ்எஸ் ஓடை என்பது உங்கள் தளத்தில் அண்மையில் வந்தவற்றின் பட்டியல். ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, இணைப்பு, தேதி, உள்ளடக்கம் இருக்கும். எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற, கணினிகள் படிக்கும் குறிமொழி வடிவில். ஃபீட்லி, இனோரீடர், தண்டர்பேர்டு போன்ற படிக்கும் செயலிகள் அவ்வப்போது வந்து பார்த்துப் புதியதை எடுத்துப் போகும். 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐஐடியில் படித்தவர். 2013-ல் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஓடையின் கதை முடிந்தது என்றார்கள். பாட்காஸ்ட் உலகம் இன்றைக்கும் இதன்மேல்தான் ஓடுகிறது.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். காவடி முடிந்ததும் கோவிலுக்கு வந்தவர்களுக்கு வாழையிலையில் ஏழு கறி. வர முடியாதவர்களுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்புவோம். ஓடை அந்தப் பொட்டலம். வீட்டில் பிரித்துப் பார்ப்பவருக்குக் கோவில் தோரணமும் தெரியாது, விளக்கு வரிசையும் தெரியாது. கட்டும்போதே அதை நினைத்துக் கட்ட வேண்டும்.

படி 1: ஓடையைக் கண்டுபிடித்துச் சோதியுங்கள்

வேர்ட்பிரஸ் என்றால் தள முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் ஓடை வரும். பிளாகரில் 'ஃபீட்ஸ்', 'போஸ்ட்ஸ்', 'டீஃபால்ட்' என்ற மூன்று சொற்களைச் சாய்கோடுகளால் பிரித்துச் சேர்க்க வேண்டும். அந்த முகவரியை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இலவச ஓடைச் சோதனைப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள்.

பிழை வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, கோப்பின் முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி. வேர்ட்பிரஸ் தீமின் ஏதோ ஒரு கோப்பில் தெரியாமல் ஒரு என்டர் தட்டியிருப்பீர்கள். எக்ஸ்எம்எல் அதைக்கூடப் பொறுக்காது. இன்னொன்று, கையால் எழுதிய ஓடையில் 'அண்ட்' குறியை அப்படியே போட்டுவிடுவது. அந்தக் குறிக்கு எக்ஸ்எம்எல்லில் தனிப் பொருள் உண்டு என்பதால் அதை மாற்று வடிவில்தான் எழுத வேண்டும். தமிழில் 'உம்' இருக்கும்போது அந்தக் குறி நமக்கு எதற்கு என்பது என் கட்சி.

ஓடைக்குள் தலைப்பு முதலா, இணைப்பு முதலா என்று கவலைப்படாதீர்கள், வரிசை முக்கியமில்லை. 1998-ல் ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டு, கிளம்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடு இது. வரிசை என்றால் நமக்கு உடனே காது விடைக்கும். எக்ஸ்எம்எல்லுக்கு அந்தச் சண்டை கிடையாது.

படி 2: எழுத்து யூனிகோடா என்று பாருங்கள்

உங்கள் தளத்தில் அழகாகத் தெரியும் எழுத்துரு ஓடையோடு பயணம் செய்யாது. படிப்பவரின் செயலி தன்னிடம் உள்ள எழுத்துருவில்தான் காட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பாடக்குறிப்புகளை அப்படியே ஒட்டினால் அவருக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். தேடுபொறிக்கும் அதே குப்பைதான், அதில் தமிழ் இருப்பதே அதற்குத் தெரியாது. பழைய கோவில் மலர்களை இணையத்தில் ஏற்றுபவர்கள் முதலில் ஒரு எழுத்துரு மாற்றி வழியாக, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள்.

படி 3: முழுப் பதிவையும் கொடுங்கள்

வேர்ட்பிரஸில் அமைப்புகள், அதற்குள் வாசிப்பு என்ற பகுதிக்குப் போனால் முழு உரையா, சுருக்கமா என்று கேட்கும். பிளாகர் அமைப்புகளிலும் இதே கேள்வி உண்டு. சுருக்கம் கொடுத்தால் தளத்துக்கு ஆள் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தோன்றும் கணக்கு. நானும் ஒரு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். பாதியில் நின்ற பதிவைத் தொடர்ந்து படிக்க வந்தவர்களை விட, அடுத்ததற்குத் தாவியவர்களே அதிகம்.

முழு உரைக்கு நம் தீவில் இன்னொரு காரணம் இருக்கிறது. புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறினால் எல்லோரும் வீட்டுக்குள். கரண்ட் போகும், இணையம் போகும். செயலியில் ஏற்கெனவே இறங்கிய உரை மட்டும் கைப்பேசியில் இருக்கும். பொட்டலத்தில் சோறு முழுதாக இருந்தால்தானே சாப்பிட முடியும்?

முழுதாகக் கொடுத்தால் திருடுவார்களே என்பீர்கள். திருடுவார்கள்தான். ஓடையை அப்படியே உறிஞ்சித் தங்கள் தளத்தில் போடும் கருவிகள் நிறைய. அதற்கு ஒரு சின்ன மருந்து உண்டு: ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'இது முதலில் இன்ன தளத்தில் வந்தது' என்று இணைப்போடு ஒரு வரி தானாகச் சேரும்படி வையுங்கள். வேர்ட்பிரஸோடு கூடுதலாகச் சேர்க்கும் யோஸ்ட் என்ற செருகியில் இதற்குத் தனி இடம் இருக்கிறது. திருடியவர் அந்த வரியையும் சேர்த்தே திருடுவார். மூலம் எது என்பதற்கு அவரே சாட்சி சொன்ன மாதிரி.

படங்களுக்கும் உள் இணைப்புகளுக்கும் முழு முகவரி கொடுங்கள். பாதி முகவரி உங்கள் தளத்துக்குள் வேலை செய்யும், வெளியே போனால் உடைந்த சட்டம்தான் தெரியும். பதிவுகளின் எண்ணிக்கை பத்து போதும், வேர்ட்பிரஸ் தானாகவே அப்படித்தான் வைக்கிறது. அதை நாற்பதாக்கிய புத்திசாலி யார் என்று உங்களுக்கே தெரியும்.

படி 4: தலைப்பும் முகவரியும்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். செயலியில் நூறு தலைப்புகளுக்கு நடுவே உங்களுடையது ஒரு வரி. 'நேற்று கோவிலில்' என்று எழுதினால் எந்தக் கோவில், என்ன நடந்தது? கத்ர் போர்னில் கோவிலுக்கு வருகிறவருக்குப் புரியும், சென்னையில் படிப்பவருக்கும் கூகுளுக்கும் புரியாது. 'மொரீஷியஸ் தைப்பூசக் காவடி: பத்து நாள் விரதத்தில் என்ன சாப்பிடலாம்?' என்றால் தேடுகிறவர் தட்டும் சொற்களே அதில் இருக்கின்றன. செயலிகள் நீளமான தலைப்பின் வாலை வெட்டிவிடுவதால் முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள்.

பதிவின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா? வைக்கலாம், கூகுள் படிக்கும். ஆனால் முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். 'கோவில்' என்ற சொல்லில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக ஆறு குறிகள், அந்த ஒரு சொல்லுக்கே 54. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்குத் தருவது மொத்தம் 200 எழுத்து. கணக்குப் போட்டால் இருபத்திரண்டு குறிகளோடு முகவரி அறுந்து நிற்கும். வாட்ஸப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் ஊர்வலம். அதனால் முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைப்பேன், அதுவும் நம் ஊர் வழக்கில். காவடி என்பதைத் தமிழ்நாட்டில் 'கே' போட்டு எழுதுவார்கள். நாம் 'சி'யில் தொடங்கி இரட்டை 'ஈ'யில் முடிக்கிறோம், அரசு விடுமுறைப் பட்டியலிலும் அப்படித்தான். நம் மக்கள் தேடுவதும் அந்த வடிவத்தைத்தான்.

படி 5: மொழிவாரியாகப் பிரியுங்கள்

நம் வீடுகளில் கிரியோல்தான் பேச்சு. பாட்டி தமிழில் படிப்பார், அப்பா பிரெஞ்சுப் பத்திரிகை, பிள்ளை பள்ளியில் தமிழ் படித்தாலும் ஆங்கிலத்தில்தான் தேடும். மூன்று மொழியையும் ஒரே ஓடையில் கலந்தால் மூவருமே விலகிப் போவார்கள். வேர்ட்பிரஸில் மொழிக்கு ஒரு வகை வைத்தால் ஒவ்வொரு வகைக்கும் தனி ஓடை தானாகக் கிடைக்கும்: வகையின் முகவரியோடு அதே 'ஃபீட்' சேர்த்தால் போதும். தனித்தனிப் பெயரும் விளக்கமும் கொடுங்கள். ஓடையில் மொழிக்கென்று ஒரு புலம் உண்டு; தமிழ் ஓடையில் அது தமிழ் என்றே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

படி 6: தேதி

தேதிப் புலத்தில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் இருக்க வேண்டும். தை, மாசி என்று மாற்றும் செருகி ஏதாவது ஓடைக்குள்ளும் கை வைத்தால் செயலிகளுக்குத் தேதி புரியாது. கையால் எழுதுபவர்கள் நேர வேறுபாட்டை +0400 என்று போடுங்கள். வேர்ட்பிரஸ் நேர மண்டலத்தில் எண்ணைத் தேர்வதை விட ஊரைத் தேர்வது நல்லது. 2008-09 கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிப் பார்த்தோமே, அப்படி மறுபடி வந்தாலும் ஊர்ப்பெயர் தானாகச் சமாளிக்கும். ஆப்பிரிக்கா பகுதியில் தேடாதீர்கள், மொரீஷியஸ் 'இந்தியன்' பகுதியில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் என்று பொருள், வேறொன்றும் இல்லை.

படி 7: அடையாளத்தைத் தொடாதீர்கள்

ஒவ்வொரு பதிவுக்கும் ஜியுஐடி என்ற நிரந்தர அடையாளம் உண்டு. செயலி இதை வைத்துத்தான் 'இது பார்த்தது, இது பார்க்காதது' என்று பிரிக்கும். முகவரி போலத் தெரிந்தாலும் அது முகவரி இல்லை. தளத்தின் பெயரை மாற்றும்போது தரவுத்தளத்தில் பழைய பெயரைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றுவோம். அப்போது இந்தப் புலத்தை விட்டுவிடுங்கள். நான் விடவில்லை. வாத்தியார் கூப்பிட்டார்.

பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திசைமாற்றமும் வையுங்கள். இல்லையென்றால் பழைய சந்தாதாரர்கள் சத்தமில்லாமல் கழன்றுவிடுவார்கள்.

படி 8: தேடுபொறிக்குச் சொல்லுங்கள்

ஓடை இருப்பதாலேயே தேடலில் மேலே வந்துவிட மாட்டீர்கள். புதிய பதிவு சீக்கிரம் கண்டுபிடிக்கப்படும், அவ்வளவே. தள வரைபடம் எல்லாப் பக்கங்களையும் சொல்லும், ஓடை அண்மையில் மாறியதைச் சொல்லும். இரண்டையும் கொடுக்கச் சொல்வது கூகுளே. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் தள வரைபடம் சேர்க்கும் அதே இடத்தில் ஓடையின் முகவரியையும் கொடுக்கலாம். எதைப் படிக்கக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ஓடையைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்புறம், வரைபடத்தைக் கூகுளுக்கு 'பிங்' செய்யும் பழைய வழி 2023-ல் கைவிடப்பட்டது. அதைச் சொல்லித்தரும் பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம். புதிய பதிவை உடனுக்குடன் அறிவிக்க வெப்சப் என்ற முறை இருக்கிறது. பிளாகரில் தானாகவே உண்டு, வேர்ட்பிரஸுக்கு ஒரு செருகி வேண்டும்.

படி 9: கண்ணில் படும்படி வையுங்கள்

ஆரஞ்சு நிறச் சின்னத்தை மட்டும் அடியில் ஒட்டினால் அது என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கத்தில் 'புதிய பதிவுகளைச் செயலியில் பெற' என்று எழுதுங்கள். மின்னஞ்சலில்தான் படிப்பேன் என்பவர்களுக்கு, ஓடையிலிருந்து தானாக மடல் அனுப்பும் வசதி மெயில்சிம்ப் போன்றவற்றில் இருக்கிறது. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற சரியான எண் கிடைக்காது. ஃபீட்லியில் உங்கள் தளத்தைத் தேடினால் அங்கே பின்தொடர்பவர்கள் எத்தனை என்று காட்டும். சர்வர் பதிவேட்டிலும் சில செயலிகள் தங்கள் சந்தாதாரர் எண்ணிக்கையை விட்டுச் செல்லும்.

இதையெல்லாம் முடித்த வாரம் வாத்தியார் மறுபடி கூப்பிட்டார். "இந்த வாரம் ஒண்ணுதான் வந்திருக்கு, உடம்பு சரியில்லையா?" என்றார்.