செவிய்யாவை நடந்தே சுற்றுவது எப்படி: அரண்மனை, கோபுரம், தாபாஸ்

தென் ஸ்பெயினில் அந்தலூசியாவின் தலைநகர் செவிய்யா. ஆங்கிலத்தில் செவில். பழைய ஊர் முழுக்கச் சமதரை. முக்கியமான கட்டடங்கள் பெரும்பாலும் பேராலயத்திலிருந்து இருபது நிமிட நடைக்குள் அடங்கிவிடும். நடப்பதில் சிரமமே இல்லை. முதல் முறை போகிறவர்கள் கோட்டைவிடுவது சாப்பாட்டு நேரத்தில்தான். மதியச் சமையல் ஒன்றரை மணிக்குச் சூடுபிடித்து நாலு மணியோடு அடங்கிவிடும். மறுபடி அடுப்பு மூட்ட இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். பார்க்கிற ஆசையில் நேரம் மறந்து நாலரைக்குப் பசியோடு வெளியே வந்தால், நாளெல்லாம் திறந்திருக்கும் சுற்றுலாக் கடைகளில் சூடுபண்ணித் தரும் பாயெய்யா எனும் அரிசிச் சோறுதான் கதி. அதனால் கீழே உள்ள வரிசையே அடுப்பு நேரத்தை வைத்துப் போட்டது.

கிளம்பும் முன்

போக நல்ல காலம் மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் தெருவெல்லாம் ஊர்வலம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடக்கவே அரைமணி நேரம் காத்திருக்க நேரும். ஊர்வலம் பார்க்கவே போகிறவர்களுக்கு அது நல்ல வாரம், கட்டடம் பார்க்கிறவர்களுக்கு இல்லை.

அல்காசர் அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். காலை 9:30, முதல் நேரமே நல்லது. பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், வாசலில் பெயரைச் சரிபார்ப்பார்கள். பேராலயத்துக்குத் தனி டிக்கெட்; அதிலேயே அதன் மணிக்கோபுரமான ஹிரால்டாவும் சால்வதோர் தேவாலயமும் சேர்த்தி. ஞாயிறு காலை வழிபாட்டு நேரம் என்பதால் அந்த நாளை இதற்கு ஒதுக்காதீர்கள்.

படி 1: அல்காசர், இரண்டரை மணி நேரம்

பேதுரோ மன்னரின் அரண்மனை முகப்புக்கு நேராகப் போங்கள். 1360-களில் கட்டியது. கட்டச் சொன்னவர் கிறிஸ்தவ அரசர், கைவேலை இஸ்லாமிய மரபில் வந்த கொத்தர்களுடையது. இந்தக் கலப்புக்கு முதேஹர் என்று பெயர். முகப்பின் மேல்பகுதியில் நீலமும் வெள்ளையுமாக ஒரு டைல்ஸ் பட்டை தெரியும். கோலம் போலத் தோன்றும் அது உண்மையில் அரபு எழுத்து: ‘அல்லாவைத் தவிர வெற்றியாளர் இல்லை’. பக்கத்து முஸ்லிம் அரசான கிரனாதாவின் சுல்தான்களின் முழக்கம் அது. அதைச் சுற்றி ஓடும் எழுத்துகளில் பேதுரோவின் பெயர்.

உள்ளே தொன்செய்யாஸ் முற்றத்தில் கீழ்த்தளத்து வளைவுகளையும் மேல்தளத்து வளைவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கீழே பூவிதழ் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலே வழவழப்பான அரைவட்டம். மேல்தளம் 16-ஆம் நூற்றாண்டில் மறுமலர்ச்சிப் பாணியில் ஏற்றியது. அடுத்துள்ள சிறிய முற்றத்துக்குப் பொம்மை முற்றம் என்று பெயர். வளைவின் அடியில் கட்டைவிரல் அளவுக்குச் சின்னச் சின்ன முகங்கள் செதுக்கியிருக்கும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மேலே அண்ணாந்து பார்த்தபடியே கடந்துவிடுகிறார்கள்.

டைல்ஸைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் இந்த ஊர் முழுக்க அது கைகொடுக்கும். மூன்று வகை போதும். ஒன்று, ஒரே நிற ஓடுகளைச் சுட்டு, துண்டுதுண்டாக வெட்டி, நட்சத்திரமும் முக்கோணமுமாகச் சேர்த்துப் பதித்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் நிறத்துக்கு நிறம் இடையில் இணைப்புக் கோடு தெரியும், துண்டுகளும் ஒரே அளவில் இருக்காது. இதுதான் பழையது. இரண்டு, ஈர மண்ணில் அச்சை அழுத்தி வரம்பு எழுப்பி, பாத்தியில் நீர் விடுவதுபோல அந்தக் குழிகளில் வண்ணம் ஊற்றிச் சுட்டது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது அந்த வரம்பு புடைத்து நிற்பது தெரியும். மூன்று, சமதளத்தில் தூரிகையால் தீட்டியது. ஆட்களும் கதைகளும் இதில்தான் வரும். கண்ணால் மட்டும் பாருங்கள். தொடாதீர்கள்.

படி 2: ஹிரால்டாவைக் கீழிருந்து மேலாகப் படிப்பது

கோபுரத்தின் அடி மூலைக்குப் போங்கள். அஸ்திவாரக் கற்களில் இலத்தீன் எழுத்து தெரியும். ரோமானியர் காலத்துக் கற்களை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே செங்கல் வலைப்பின்னல். அது 1184-இல் தொடங்கி 1198-இல் முடித்த பள்ளிவாசல் மினார். உச்சியில் உள்ள மணிக்கூண்டு 1558-க்கும் 1568-க்கும் இடையில் கட்டடக் கலைஞர் எர்னான் ரூயிஸ் ஏற்றியது. ஒரே கோபுரத்தில் மூன்று காலம்.

ஏறுவதற்குப் படிக்கட்டு இல்லை, சரிவுப் பாதைதான். கடைசியில் மட்டும் சில படிகள். பாங்கு சொல்கிறவர் கழுதையிலோ குதிரையிலோ ஏறிப் போவதற்காக அப்படிக் கட்டியது என்பார்கள். மொத்தம் 35 சரிவுகள், சுவரில் எண் போட்டிருக்கும். முதல் பத்தை வேகமாக ஏறிவிட்டு இருபதில் மூச்சுவாங்குகிறவர்கள்தான் அதிகம். நிதானமாக ஏறினால் பத்து, பதினைந்து நிமிடம்.

பேராலயத்தின் உள்ளே கொலம்பஸ் கல்லறையைப் பார்க்காமல் யாரும் வருவதில்லை, அதனால் அதைப் பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை. ஆரஞ்சு முற்றத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பழைய பள்ளிவாசலில் கைகால் கழுவிய இடம் அது. மரங்களின் அடியில் குழிக்குக் குழி செங்கல் வாய்க்கால் ஓடும். தெருவெல்லாம் தொங்கும் இந்த ஆரஞ்சைப் பறித்துத் தின்ன நினைக்காதீர்கள். கிச்சிலிக்காய் போலக் கசப்பு, மார்மலேடுக்குத்தான் ஆகும்.

படி 3: மதியம் 1:15, முதல் தாபாஸ் கடை

தாபா என்றதும் வடஇந்திய நெடுஞ்சாலைக் கடை நினைவுக்கு வரும், இது வேறு. ஒரு சின்னத் தட்டு, நாலைந்து வாய் உணவு. கிரனாதாவில் குடிக்க ஏதாவது வாங்கினாலே தாபா இலவசமாக வரும். செவிய்யாவில் காசு கொடுத்துத்தான். மெனுவில் ஒரே உணவுக்கு மூன்று விலை இருக்கும்: தாபா, மெதியா ரசியோன் எனும் அரைத்தட்டு, ரசியோன் எனும் முழுத்தட்டு. வெளியே மேசையில் உட்கார்ந்தால் சில கடைகளில் தாபா அளவு கிடையாது, அரைத்தட்டிலிருந்துதான். கவுன்டரில் நின்றால் தாபா கிடைக்கும்.

ஆர்டர் செய்யும் முறை இப்படி: முதலில் குடிக்க ஒன்று, கூடவே இரண்டு தாபா மட்டும். தின்றபிறகு அடுத்த இரண்டு. ஆறையும் ஒரேயடியாகச் சொன்னால் ஆறும் ஒன்றாக வந்து இறங்கும், கவுன்டரில் வைக்க இடமிருக்காது, பொரித்தது ஆறிப்போகும். ஒரு கடைக்கு இரண்டு மூன்று, பிறகு அடுத்த கடை. ஆளுக்கு ஐந்து தாபா வயிறு நிறையப் போதும். கணக்கைக் கடைசியில் மொத்தமாகக் கேட்டால் போதும்: ‘லா குவெந்தா, போர் ஃபவோர்’. டிப்ஸ் கட்டாயமில்லை. மேசைக்கு வரும் ரொட்டிக்கும் பீக்கோஸ் எனும் மொறுமொறு ரொட்டிக் குச்சிக்கும் பில்லில் சிறு தொகை சேரலாம், அது ஏமாற்று இல்லை.

முதல் தட்டாக எஸ்பினாகாஸ் கோன் கார்பான்சோஸ் சொல்லுங்கள். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், பொரித்து அரைத்த ரொட்டி. கிட்டத்தட்ட நம் கீரைக்கூட்டின் ஒன்றுவிட்ட தம்பி. அடுத்து சொலொமீய்யோ அல் விஸ்கி: பூண்டு மணக்கும் குழம்பில் பன்றி இறைச்சி. பிறகு மொந்தாதீத்தோ தெ பிரிங்கா: குழம்பில் வெந்து குழைந்த இறைச்சிகளைப் பிசைந்து வைத்துச் சுட்ட குட்டி ரொட்டி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோலா தெ தோரோவைத் தவிர்க்கவும், அது காளை வால்.

சைவக்காரர்கள் கவனிக்க: ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹமோன் தூவி வந்துவிடலாம், உப்பிட்டு உலர்த்திய அந்தப் பன்றித் தொடையைப் பலர் ‘கார்னே’ கணக்கில் சேர்ப்பதில்லை. ‘நி கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ’ (இறைச்சியும் வேண்டாம், ஹமோனும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லுங்கள். சால்மொரேஹோ எனும் தக்காளிக் கூழின்மேல் ஹமோனும் முட்டையும் இருக்கும், உருளைக்கிழங்கு சாலட்டில் பெரும்பாலும் டூனா இருக்கும். தைரியமாகக் கேட்க வேண்டியது பெரென்ஹேனாஸ் கோன் மியேல்: பொரித்த கத்தரிக்காய்மேல் கரும்புப்பாகு.

இன்னொரு குழப்பம்: ‘மன்சானிய்யா’ என்றால் சன்லூக்கர் ஊரின் உலர் ஒயின், கெமோமில் எனும் சீமைச் சாமந்திப்பூ டீக்கும் அதே பெயர்தான். ‘உனா கோபா தெ மன்சானிய்யா’ என்று கோப்பையைச் சேர்த்துச் சொன்னால் ஒயின் வரும்.

படி 4: நாலு மணி முதல் ஆறு வரை

தூங்குங்கள். ஊரே அதைத்தான் செய்கிறது.

படி 5: மாலை நடை

பிளாசா தெ சான் ஃபிரான்சிஸ்கோ சதுக்கத்தில் நகராட்சி மாளிகை. முகப்பின் ஒரு பாதி நகைவேலை போலச் செதுக்கியிருக்கும். அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தால் செதுக்காத வெறுங்கல் தொடங்கும். சிற்பி எங்கே கைவிட்டார் என்பது கோடு போட்டதுபோலத் தெரியும். அங்கிருந்து வடக்கே சால்வதோர், பிறகு 2011-இல் திறந்த காளான் வடிவ மரக்கூரை, லாஸ் செத்தாஸ். யூர்கன் மேயர் வடிவமைத்தது. அதற்கு முன்பே அந்த இடத்தில் நிலத்தடி வண்டி நிறுத்தம் கட்டத் தோண்டும்போது கிடைத்த ரோமானியர் வீடுகள் நிலவறையில் இருக்கின்றன.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் சாந்தா கத்தலினா தேவாலயம். அதன் எதிரே எல் ரின்கொன்சீய்யோ, 1670 முதல் நடக்கும் கடை. கணக்கைக் கவுன்டர் மரத்திலேயே சாக்பீஸால் எழுதுவார்கள், காசு கொடுத்ததும் துடைத்துவிடுவார்கள். உங்கள் எண்கள்மேல் முழங்கையை வைக்காதீர்கள். எட்டு மணி வாக்கில் போனால் நிற்க இடம் கிடைக்கும்; ஒன்பதரைக்குப் போனால் கஷ்டம்.

போகும்போது சாக்கடை மூடிகளைக் குனிந்து பாருங்கள்: ‘நோ’, நடுவே எட்டு வடிவில் நூல்கண்டு, பிறகு ‘தோ’. நூல்கண்டுக்கு ஸ்பானிய மொழியில் மதெஹா. ‘நோ-மதெஹா-தோ’ என்று சேர்த்துப் படித்தால், ஸ்பானிய மொழியில் ‘இவ்வூர் என்னைக் கைவிடவில்லை’ என்று ஒலிக்கும். பத்தாம் அல்ஃபோன்சோ அரசர் தந்தது என்பது ஊர்க்கதை.

படி 6: மறுநாள் காலை

பிளாசா தெ எஸ்பாஞாவை ஒன்பதரைக்குள் பார்த்துவிடுங்கள். நிழல் குறைவான வெட்டவெளி. 1929 கண்காட்சிக்காக அனீபல் கொன்சாலெஸ் வடிவமைத்த அரைவட்டம். சுவரோரம் மாகாணத்துக்கு ஒன்றாக டைல்ஸ் இருக்கைகள். இங்கே இருக்கும் சித்திரங்கள் மூன்றாம் வகை என்று இப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிறகு ஆற்றங்கரை வழியே 13-ஆம் நூற்றாண்டின் பன்னிரு பக்கத் தங்கக் கோபுரம், 1852-இன் இரும்புப் பாலம், அக்கரையில் திரியானா. அந்த டைல்ஸ்களைச் சுட்ட குயவர் பேட்டை அதுதான். பாலத்தடியில் உள்ள சந்தையில் பொரித்த நெத்திலி, காடியில் ஊறிய சுறாத் துண்டு கேளுங்கள். மூன்று மணிக்குமேல் மீன்கடைகள் மூடிவிடும், ஞாயிறும் திங்களும் போனால் மீன் கிடைப்பது சந்தேகம்.