ஃப்யூயல் லைன் போடறதுக்கு முன்னாடி, ஒழுகறது எங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

வண்டிய ஒண்ணுமில்லாத சேஸிலேந்து பில்ட் பண்றவங்க முக்கால்வாசி பேர் இன்ஜின், டர்போ, வீல்னு பார்த்து பார்த்து செலவு பண்ணிட்டு டேங்க்லேந்து இன்ஜினுக்கு பெட்ரோல் கொண்டு போற ஃப்யூயல் லைன்னு வரும்போது மட்டும் கைக்கு கிடைச்ச ட்யூப மாட்டிட்டு போயிடறாங்க. நான் பார்த்த வரைக்கும் ஹோஸ் நடுவுல வெடிக்கறது ரொம்ப அபூர்வம், ஒழுகறதெல்லாம் ஜாயிண்ட்லதான். அதனால ஹோஸ் வாங்கும்போதே அதுக்கு எந்த ஃபிட்டிங்னு சேர்த்து முடிவு பண்ணிடுங்க.

முதல்ல பிரஷர். கார்புரேட்டர்னா 4லேந்து 7 பிஎஸ்ஐ, அவ்ளோதான். இன்ஜெக்‌ஷன்னா 43, 58னு போகும், டர்போ இருந்தா பூஸ்ட் (டர்போ உள்ள தள்ற காத்தோட பிரஷர்) ஏற ஏற இதுவும் கூட ஏறும். ரப்பர் ஹோஸ் மேல பிரிண்ட் பண்ணிருக்கறத படிங்க: எஸ்ஏஇ 30ஆர்7னா கார்புரேட்டருக்கு, 30ஆர்9னா இன்ஜெக்‌ஷனுக்கு, பார்க்க ரெண்டும் ஒரே கருப்பு ட்யூப்தான். டேங்குக்குள்ள முங்கி கிடக்கற துண்டுக்கு 30ஆர்10 வேணும், ஏன்னா மத்ததுல உள்பக்கம்தான் பெட்ரோல தாங்கும், வெளித்தோலும் நாள் பூரா பெட்ரோல்ல ஊறினா உப்பி இளகிடும்.

ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வாங்கறீங்கன்னா வெளில பளபளன்னு இருக்கறத பார்த்து ஏமாறாதீங்க, உள்ள ரப்பரா டெஃப்லானான்னு கேளுங்க. சாதா ரப்பர்னா கொஞ்ச நாள்ல ஷெட்டு பூரா பெட்ரோல் வாடை வர ஆரம்பிக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல்னா அந்த ரப்பர் இன்னும் சீக்கிரம் கெட்டிப்பட்டு வெடிப்பு விடும். டெஃப்லான்ல அந்த தொல்லை இல்ல, ஆனா உள்குழாய் கருப்பா, கார்பன் கலந்ததா இருக்கணும். பெட்ரோல் வேகமா ஓடும்போது ஸ்டேட்டிக் சார்ஜ் சேரும், வெள்ளை டெஃப்லான்ல அதுக்கு போக வழி இல்லாம சுவத்த துளைச்சு பின்னலுக்கு தாவிடும். இன்னொண்ணு, டெஃப்லான ஒருவாட்டி மடிச்சுட்டீங்கன்னா அந்த மடிப்பு போகவே போகாது, வளைவு வர்ற இடத்துல 45, 90 டிகிரி ஃபிட்டிங் போட்டுடுங்க.

இந்த ஹோஸ், ஃபிட்டிங்குக்கெல்லாம் ஏஎன்னு ஒரு ஸ்டாண்டர்ட் சைஸ் நம்பர் இருக்கு, அதுல குழப்பமே இல்ல, நம்பர 16ஆல வகுத்தா இன்ச். 6னா 3/8, 8னா 1/2. ரோட்டுல ஓட்டற வண்டி பெரும்பாலானதுக்கு 6 தாராளம். மிச்ச பெட்ரோல டேங்குக்கு திருப்பி கொண்டு போற ரிட்டர்ன் லைன ரொம்ப சின்னதா போட்டுடாதீங்க, பெட்ரோல் திரும்பி போக இடமில்லாம ஐடில்லயே பிரஷர் ஏறிக்கும், பிரஷர செட் பண்ற ரெகுலேட்டர என்ன திருகினாலும் இறங்காது.

சேஸிக்கு அடில போற நீள தூரத்துக்கு ஸ்டீல் இல்லன்னா நிக்கல்-காப்பர் பைப் போடறதுதான் எனக்கு பிடிக்கும். வெறும் செம்பு பைப் வேண்டாம், அதிர்வுல இறுகி கீறல் விட்டுடும். ஏஎன் ஃபிட்டிங்க்கு பைப் முனைய கூம்பு மாதிரி விரிக்கற ஃபிளேர் 37 டிகிரி, பிரேக் பைப்புக்கு வழக்கமா பண்றது 45. ரெண்டையும் சேர்த்து மாட்டினா நட்டு இறுகும், ஒழுகறது நிக்காது. அந்த ஃபிளேர்ல டெஃப்லான் டேப் சுத்தற வேலையும் வேண்டாம், அங்க சீல் பண்றது மரை இல்ல, அந்த கூம்புதான். டேப் துணுக்கு பிஞ்சு இன்ஜெக்டர அடைக்கறதுதான் மிச்சம்.

இப்ப டெஃப்லான் ஹோஸ்ல ஃபிட்டிங் போடறது, இங்கதான் பொறுமை வேணும். வெட்டற இடத்துல டேப்ப நல்லா இறுக்கி சுத்திட்டு பொடிப்பல் ஹேக்சா பிளேடால நேரா வெட்டுங்க, அப்புறம் ஏர் அடிச்சு தூள க்ளீன் பண்ணிடுங்க. ஃபிட்டிங்கோட வெளி மூடியான சாக்கெட்ட முதல்ல ஹோஸ்ல ஏத்திக்கணும் (மறந்துட்டு கடைசில தலைல அடிச்சுக்காதவங்க யாரு). பின்னல வெளிப்பக்கமா விரிச்சு, ஆலிவ்ங்கற சின்ன பித்தளை வளையத்த பின்னலுக்கும் குழாய்க்கும் நடுவுல தள்ளி, குழாய் முனை ஆலிவ்க்குள்ள முட்டி நிக்கற வரைக்கும் கொண்டு போங்க. நான் முதல் தடவ போட்டப்ப முடி மாதிரி ஒரே ஒரு கம்பி இழை ஆலிவ்க்குள்ள மாட்டிக்கிச்சு, ராத்திரி ஒண்ணும் தெரியல, காலைல பார்த்தா ஃபிட்டிங் வேர்த்த மாதிரி ஈரமா இருந்துச்சு, எவ்ளோ இறுக்கினாலும் நிக்கல. கழட்டி புது ஆலிவ் போட்டதும்தான் சரியாச்சு. அதனால டார்ச் அடிச்சு சுத்தி பாருங்க, ஒரு இழை கூட உள்ள இருக்கக்கூடாது. ஃபிட்டிங்கோட முனைய குழாய்க்குள்ள விட்டு, மரைல ரெண்டு சொட்டு ஆயில் விட்டு, சாக்கெட்டோட சேர்த்து கையால திருகிட்டு அப்புறம் ஸ்பேனர் போடுங்க, சாக்கெட் ஓரத்துல ஹோஸ் மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கிட்டா இறுக்கும்போது ஹோஸ் பின்னாடி நழுவினா தெரிஞ்சிடும்.

ரப்பர் ஹோஸ்னா கதை வேற, முனைல மேடு இருக்கற பைப்ல ஏத்தி இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் போட்டா போதும், துளை போட்ட ஸ்க்ரூ கிளாம்ப் ஹோஸ வெட்டிடும்.

லைன் சைலன்சர் பக்கமும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கமும் போகக்கூடாது. தகடு வழியா போற இடத்துல ரப்பர் கிராமெட் வேணும், இன்ஜின் ஆடும், அதனால சேஸிலேந்து இன்ஜினுக்கு தாவற இடத்துல கொஞ்சம் தொய்வு விடுங்க. எலெக்ட்ரிக் பம்புக்கு தள்ளத்தான் நல்லா வரும், இழுக்க வராது, டேங்க்கு பக்கத்துல தாழ்வா வைங்க.

ஸ்டார்ட் பண்ணாம பம்ப மட்டும் ஓட விட்டு செக் பண்ணுங்க, பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்விஷர் இருக்கட்டும். ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கு அடிலயும் வெள்ளை டிஷ்யூ பேப்பர ஒத்தி எடுங்க, கண்ணுக்கு தெரியாத ஈரமும் அதுல தெரிஞ்சிடும். இன்ஜின் நல்லா சூடாகி ஆறினப்புறம் இதே டிஷ்யூ வேலைய இன்னொரு ரவுண்டு பண்ணுங்க, எனக்கு ரெண்டு தடவ அந்த ரெண்டாவது ரவுண்டுலதான் மாட்டிச்சு.