மீட்டர் லைட் எரியவில்லையா? பல்பு கடைக்கு ஓடாதீர்கள்

எங்கள் வீட்டு அம்பாசடரை டிங்கரிங் செய்து, டாஷ்போர்டு தகடு வரைக்கும் பெயிண்ட் அடித்து எடுத்து வந்த அன்று இரவு ஹெட்லைட் எரிந்தது, பார்க் லைட் எரிந்தது, மீட்டர் மட்டும் கும்மிருட்டு. வண்டியை விடும்போது நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்குகள். மறுநாளே புதுப்பேட்டைக்குப் போய் ஆறு பல்பு வாங்கி வந்து, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஆறையும் மாட்டினேன். ஒன்றுகூட எரியவில்லை. கழற்றிய பழைய பல்புகளைப் பாட்டரியில் தொட்டுப் பார்த்தால் ஆறும் ஜம்மென்று எரிகின்றன.

வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். பையிலிருந்து ஒரு முழ வயரை எடுத்து, ஒரு முனையை மீட்டரின் தகரக் கூட்டிலும் மறுமுனையை ஸ்டீயரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டிலும் அழுத்தினார். பளிச்சென்று எல்லாம் எரிந்தது. “பெயிண்ட் அடிச்சவன் எர்த்தை மூடிட்டான் தம்பி” என்றார்.

பழைய கார்களில் மீட்டர் பல்புக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வயர்தான் வரும். கரண்ட் திரும்பிப் போகும் வழி, அதாவது எர்த், ஹோல்டர், மீட்டர் கூடு, டாஷ்போர்டு தகடு, பாடி என்று உலோகத்தின் மேல் உலோகமாகப் போகிறது. நடுவில் எங்காவது பெயிண்டோ துருவோ புகுந்தால் கதை முடிந்தது. டாஷ்போர்டு மரமாக இருந்தால் இந்த வழியே கிடையாது. ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் வயர் இருக்க வேண்டும், அது கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் காரில் ஸ்க்ரூவுக்கு அடியில் காசளவு பெயிண்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டதோடு சரி. ஐந்து நிமிட வேலை.

ஆக, முதல் தவறு பல்பைச் சந்தேகிப்பது. ஒரு விளக்கு மட்டும் அணைந்திருந்தால் பல்பு, ஹோல்டர் என்று பாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தால் ஆறு பல்பும் ஒரே இரவில் செத்திருக்காது. பொதுவான வயர், ஃபியூஸ், சுவிட்ச், எர்த் இவற்றில்தான் கோளாறு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள கார் என்றால் அதை நாலைந்து முறை இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். பல வருடம் தொடாமலே கிடந்து உள்ளே கறுத்துப் போயிருக்கும். இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் மீட்டர் லைட்டும் சேர்ந்து மங்கித் துடித்தால், அல்லது சம்பந்தமில்லாத ஒரு விளக்கு அரைகுறையாக எரிந்தால், எர்த் போய்விட்டது என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். நேர்வழி அடைபட்ட கரண்ட் பக்கத்து பல்பு வழியாக ஊருக்குத் திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் முள்ளை வைக்கிறார்கள், 12 வோல்ட் காட்டுகிறது, “வயரிங் சரி” என்று முடிவு கட்டுகிறார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் துளிதான். துருவேறிய இணைப்பும், ஒரே ஒரு இழையில் தொங்கும் வயரும் அந்தத் துளியைத் தாராளமாகக் கொடுத்துவிடும். பல்பை மாட்டியதும்தான் குட்டு வெளிப்படும். அதனால் பல்பை மாட்டி, லைட்டைப் போட்ட நிலையிலேயே அளக்க வேண்டும். ஒரு முள் மீட்டர் கூட்டில், இன்னொன்று பாட்டரியின் எர்த் முனையில். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்தை விட்டுவிடலாம். பல வோல்ட் காட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம். உண்மையைச் சொன்னால், இந்த வேலைக்கு இரண்டு வயர் ஒட்டிய சாதாரண டெஸ்ட் லேம்ப் போதும்.

கையை உள்ளே விடுவதற்கு முன் பாட்டரியைக் கழற்றாமல் இருப்பது பெரிய ஆபத்து. பாட்டரிக்குப் போய்வரும் கரண்டைக் காட்டும் அம்மீட்டர் உள்ள கார்களில் அதன் பின்னால் ஃபியூஸே இல்லாத தடித்த வயர்கள் வந்து நிற்கும். ஸ்டீல் கடிகாரச் செயினோ மோதிரமோ அதற்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டினால் தோல் வெந்துவிடும். எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். மறுமுனையை முதலில் தொட்டு ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே தீபாவளி. எர்த் என்றால் நெகட்டிவ்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். எந்த கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

வெளிச்சம் பத்தவில்லை என்று பெரிய பல்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கார்கள் பலவற்றில் மீட்டருக்கு 2.2 வாட் பல்புதான். அந்த இடத்தில் 5 வாட் போட்டால் ஒரு வாரம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் வண்ண பிளாஸ்டிக் வளையும், டயலின் பெயிண்ட் பழுப்பேறும். டயலை மீட்பது லேசான வேலை இல்லை. கண்ணாடியின் உள்பக்கத் தூசியைத் துடைத்து, கூட்டின் உட்புறம் வெள்ளைப் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் மறுபடி பூசினாலே வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். துரு நீக்குகிற ஸ்பிரேயை மொத்தமாக அடித்துவிடுவதும் வேண்டாம். அது டயலுக்குள் இறங்கிக் கறையாகும். ஹோல்டரின் பித்தளையை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

எல்இடி போடலாமா என்று கேட்பார்கள். வெளிச்சம் காட்டும் பல்புகளுக்குப் போடலாம், எனக்கு அந்த நீல வெள்ளை பிடிக்காது என்பது வேறு. மாட்டும் திசை பார்க்க வேண்டும், வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு சரியாக வேலை செய்யாது. ஆனால் சார்ஜ் ஆவதைக் காட்டும் சிவப்பு விளக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டைனமோ உள்ள காரில் அது வெறும் தகவல்தான். பல்பு போனாலும் சார்ஜ் ஏறும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவே. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாற்றிய பழைய காரில் நிலைமை வேறு. பல ஆல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனாலோ, துளிக் கரண்ட் மட்டுமே விடும் எல்இடியை மாட்டினாலோ, ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கும் வரை சார்ஜ் ஏறாது, சில வண்டியில் ஏறவே ஏறாது. இதைத் தெரியாமல் நல்ல பாட்டரியை மாற்றிப் புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஆயில் விளக்கு இன்னொரு வகை. சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் எஞ்சினில் இருக்கும் ஆயில் சுவிட்சின் வயரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, எஞ்சின் இரும்பில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் போச்சு. எரியாவிட்டால் பல்பையும் வயரையும் பாருங்கள். ஓடும்போது அணையாமல் எரிந்தால் “பழைய வண்டி, வயரிங் கோளாறு” என்று வயரைப் பிடுங்கிப் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தால் தனியாக ஒரு பிரஷர் கேஜ் மாட்டி அளந்துவிட்டுத்தான் சுவிட்சைக் குறை சொல்ல வேண்டும்.

விளக்கோடு சேர்ந்து பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஆட்டம் காட்டினால், இரண்டு கேஜையும் விலை விசாரிக்கக் கிளம்பாதீர்கள். சாவி போட்டதும் முள் துள்ளாமல் அரை நிமிடம் எடுத்து மெதுவாக ஏறுகிற கார் என்றால், பின்னால் ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்க வாய்ப்பு அதிகம். அது துடித்துத் துடித்து சராசரியாகப் 10 வோல்ட் கொடுக்கும். அதன் எர்த் போனால் முழு 12 வோல்ட்டும் போய் இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டும். வருவதே நின்றால் இரண்டும் கீழேயே கிடக்கும். கேஜுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிப்பது அதைக் கொல்லும் வழி.

வயரிங் படத்தை அப்படியே நம்புவதும் சிக்கல்தான். அம்பாசடர் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை வந்த கார். நடுவில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, டீசல் வந்தது, இசுசு எஞ்சின் வந்தது. அம்பாசடருக்கு மூலமான பிரிட்டிஷ் கார் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வயரிங் படத்தை வைத்துக்கொண்டு 1990-களின் வண்டியில் தேடினால் தலை சுற்றும். கார் மின்பாகங்கள் செய்த பிரிட்டிஷ் கம்பெனியான லூகாஸின் பழைய முறையில் மீட்டர் லைட் வயர் சிவப்பில் வெள்ளைக் கோடு, எர்த் கறுப்பு. உங்கள் வண்டியில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் ஒரே சிவப்பு வயரில் இழுத்து, இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார். நம் வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழுக்கி, முறுக்கிய முனை வெளியே வந்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் மேலே இன்னொரு சுற்று சுற்றாமல், வெட்டி, சாலிடர் செய்து, ஸ்லீவ் போடுங்கள்.

ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றும் பழக்கம் இன்னும் சாகவில்லை. 35 ஆம்பியர் என்று எழுதிய பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ், அந்த அளவில் உருகிவிடும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர்தான். இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே போட்டால் வயர்தான் ஃபியூஸாக வேலை செய்யும்.

எல்லாம் எரிந்துவிட்டதென்று மீட்டரை உடனே உள்ளே தள்ளி ஸ்க்ரூ முறுக்காதீர்கள். வெளியே தொங்கும்போதே லைட்டைப் போட்டு, இரண்டு பக்க இண்டிகேட்டரும் ஹாரனும் அடித்துப் பாருங்கள். உள்ளே தள்ளும்போது ஸ்பீடோமீட்டர் கேபிள் மடங்காமல் ஒருவர் அடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். வைப்பர் இணைப்புத் தண்டில் வயர் உரசுகிறதா என்று டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசி ஸ்க்ரூவை முறுக்குங்கள்.