ஸ்கூபா ரெகுலேட்டரை வீட்டிலேயே பிரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதுச்சேரியில் ஒரு தம்பி டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். உள்ளே அவருடைய ஸ்கூபா ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது சிலிண்டரில் மாட்டும் பாகம், துண்டு துண்டாக. “கழற்றிட்டேன் அண்ணா, இதுக்கு சீட்டும் ஓ-ரிங்கும் எங்க கிடைக்கும்?”

பத்து வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் முதலில் கழற்றினேன், அப்புறம் பாகம் தேடினேன். நல்ல தண்ணீரில் அலசாதது, டஸ்ட் கேப் போடாதது எல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஊக்கால் ஓ-ரிங் எடுப்பது

ஓ-ரிங் என்பது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். அதை ஊக்கால் குத்தி எடுப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தம்பியின் டப்பாவிலும் ஓர் ஊக்கு கிடந்தது.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி அதைக் குறைத்து ஹோஸுக்கு விடுவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். உள்ளே கத்தி முனை போன்ற ஓர் உலோக விளிம்பு. அதில் வந்து அழுந்தி அடைப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் சீட். மொத்த வேலையும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஆழத்தில் இருந்த ஓ-ரிங்கைக் குத்தி எடுக்கும்போது என் ஊக்கு வழுக்கி அந்த விளிம்பில் பட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. புது சீட் போட்டு, ஹோஸில் வரும் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டி, காற்றைத் திறந்தேன். முள் 9.5-இல் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறி 11-ஐத் தாண்டியது. வாயில் கடிக்கும் செகண்ட் ஸ்டேஜ் ‘உஸ்ஸ்’ என்றது. சீட்தான் மோசம் என்று முடிவுகட்டினேன். பெரும்பாலான கம்பெனிகள் சீட்டும் ஓ-ரிங்கும் அடங்கிய கிட்டைத் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டும்தான் தரும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரைக் கெஞ்சி ஒன்று, சுங்க வரி கட்டி இன்னொன்று. மூன்றாவது சீட்டும் கசிந்த பிறகுதான் டார்ச் அடித்து லென்ஸில் பார்க்கத் தோன்றியது. மயிரிழைக் கீறல். என் மாடலில் அந்த விளிம்பு பாடியிலேயே கடைந்தது, தனியாகக் கிடைக்காது. பத்து ரூபாய்கூடப் பெறாத ஓ-ரிங்குக்காக ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜே போனது.

வெளியே தெரியும் ஓ-ரிங்கை இரண்டு விரலால் அழுத்தித் தள்ளினாலே வளைந்து எழும்பும். உள்ளே இருப்பதற்குப் பித்தளைக் கொக்கியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். எஃகு வேண்டவே வேண்டாம்.

கண்ணளவில் ஓ-ரிங் வாங்குவது

ஓ-ரிங்குக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தேங்காய்த்திட்டு, கடலூர் முதுநகர் என்று படகு எஞ்சின் பாகம் விற்கும் பக்கம் போனால் கிடைக்கும். ஆனால் சும்மா கேட்டால் 2 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்துத் தருவார்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அங்குல அளவு, 1.78 மில்லிமீட்டர். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: ஹைபிரஷர் போர்ட்டுக்கு (ஹோஸ் திருகும் துளை) 012, லோபிரஷருக்கு 011. ஹைபிரஷர் பக்கம் கடினத்தன்மை 90 இருக்கட்டும். ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைக்காரருக்கு இந்தப் பாஷை உடனே புரியும்.

பெயரைப் பார்த்து கிட் வாங்குவது

மாடல் பெயர் அதேதான் இருக்கும், உள்ளே சீட் மாறியிருக்கும். சீரியல் எண்ணையும் வரைபடத்தில் உள்ள பாக எண்ணையும் ஒப்பிடாமல் பணம் கட்டாதீர்கள்.

கேஜ் இல்லாமல் மூடுவது

கேஜ் வாங்கக் காசில்லை என்றால் பிரிக்காதீர்கள்.

ஓ-ரிங்குக்கு வாசலின் தடவுவது

சில ரப்பர்கள் ஊதிவிடும். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் போகும் செட்டுக்கு சிலிகான் கிரீஸும் ஆகாது, அதற்கென்றே தனி கிரீஸ் இருக்கிறது.

கறை போகப் பாகங்களை வினிகரில் இரவு முழுக்க ஊறப்போடுவது

ஊறுகாயா போடுகிறீர்கள்? பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பத்து நிமிடம். குரோம் உரிந்த இடத்துக்குப் பாகம் எந்தக் கடையிலும் கிடையாது.