லேப்டாப்புக்கு மாற்று ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடிமூடியைக் கழற்றுங்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஐப்பசி இடி தொடங்கிவிட்டால் கரண்டு எத்தனை தடவை போய் வரும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு சாயங்காலம் பத்தாம் வகுப்பு வினாத்தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என் 2017 மாடல் லேப்டாப்பில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, அதனால் கரண்டோடு அதுவும் அணைந்தது. மறுபடி போட்டபோது உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம். அப்புறம் ஒரு மாதம் நான் பட்ட பாட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, டிஸ்க் போய்விட்டதா என்று உறுதி செய்வது. அந்தச் சத்தம் கேட்டால் சோதனை எல்லாம் அப்புறம், வேண்டிய ஃபைல்களை உடனே வேறிடத்தில் காப்பி எடுங்கள். சத்தம் இல்லாமல் வெறுமனே மெதுவாக இருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். அவற்றின் ரா வேல்யூ பூஜ்யமாக இருக்க வேண்டும், ஏற ஆரம்பித்தால் டிஸ்க்குக்கு நாள் குறித்தாயிற்று. அந்த எண்களை அது பதினாறடிமானத்தில் காட்டும், அதனால் நடுவில் ஏ, எஃப் என்று எழுத்து வந்தால் அதுவும் எண்தான், பூஜ்யம் இல்லை என்றே அர்த்தம். சி7 மட்டும் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. பிடுங்கிச் செருகிவிட்டு இன்னொரு வாரம் பாருங்கள்.

இரண்டாவது, கடைக்குப் போகுமுன் கழற்றிப் பார்ப்பது. பழைய லேப்டாப் என்றால் உள்ளே சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் 2.5 அங்குல டிஸ்க் இருக்கும். அதில் பார்க்க வேண்டியது தடிமன்தான். 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு வரும். 9.5-க்கான இடத்தில் 7 போடலாம், ஆடாமல் இருக்கச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும். 7-க்கான இடத்தில் 9.5 போட்டால் மூடி மூடாது. 2.5 அங்குல எஸ்எஸ்டிகள் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பவை) அநேகமாக எல்லாமே 7தான் என்பதால் இதில் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து, மெல்லிய பலகை போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2-வில்தான். நான் விழுந்த குழியும் அதுதான்.

என் லேப்டாப்பில் 2.5 அங்குல டிஸ்க்குக்குப் பக்கத்தில் காலியாக ஒரு எம்.2 ஸ்லாட் இருந்தது. ஆஹா என்று வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி, "எம்.2 எஸ்எஸ்டி, 500 ஜிபி" என்று கேட்டு வாங்கி வந்தேன். 2280 அளவு, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் லேப்டாப்பைப் போட்டதும் திறக்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் எதுவும் தெரியவில்லை. கழற்றி மாட்டினேன், பயாஸை அப்டேட் செய்தேன், ரப்பரால் துடைத்தேன், இரண்டு நாள் போனது. கடைசியில் பாலக்காட்டில் ஒரு சர்வீஸ் கடைப் பையன் அதை வேறு லேப்டாப்பில் மாட்ட, உடனே வந்துவிட்டது. "இது சாட்டா மாத்ரமே எடுக்கூ, மாஷே" என்று என் லேப்டாப்பைக் காட்டினான், அதாவது இது சாட்டா மட்டும்தான் எடுக்கும், சார்.

விஷயம் இதுதான்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அதே வடிவத்துக்குள் சாட்டாவும் வரும், என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு முறையும் வரும். நான் வாங்கியது என்விஎம்இ. சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை போகும்; என்விஎம்இ, மூன்றாம் தலைமுறை (ஜென் 3) என்றால் 3,500 வரை. பெரும்பாலும் சாட்டா எம்.2 பலகையின் முனையில் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இக்கு ஒன்று. வெட்டு பொருந்தினால் வேலை செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சாட்டா மட்டும் ஓடும் ஸ்லாட்டிலும் என்விஎம்இ பலகைக்குப் பொருந்தும் எம் கீ அமைப்பு இருக்கலாம், என்விஎம்இ அதில் ஒய்யாரமாக உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்யாது. அதனால் கண்ணை நம்பாதீர்கள். லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று சேர்த்துத் தேடி, சேமிப்பகப் பகுதியில் சாட்டா என்றிருக்கிறதா, என்விஎம்இ என்றிருக்கிறதா, இரண்டுமா என்று படியுங்கள். நீளத்தையும் பாருங்கள், சில லேப்டாப்பில் 2242 அல்லது 2230 மட்டும்தான் நுழையும்.

இனி எதை வாங்குவது? சுழலும் ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப வாங்காதீர்கள், அவ்வளவுதான். என் பழைய 5400 சுற்று டிஸ்க்கோடு ஒப்பிட்டால் எந்த எஸ்எஸ்டியும் குதிரை. சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் உள்ள வேகத்தை வினாத்தாள் அடிப்பவர் உணரப் போவதில்லை, லேப்டாப் எடுப்பதை வாங்குங்கள். ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கும் க்யூஎல்சியை விட மூன்று பிட் வைக்கும் டிஎல்சி எனக்குப் பிடிக்கும், கூடவே எஸ்எஸ்டிக்குள் டிராம் என்ற வேகமான நினைவகம் இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் நான் 2.5 அங்குல சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி வாங்கினேன். ஐந்து வருட வாரண்டி, 300 டிபி எழுதலாம் என்று கணக்கு. தினம் 20 ஜிபி எழுதினாலும் 41 வருடம் ஆகும், அதற்குள் நான் ரிட்டயராகிப் பேரன் பேத்தி எடுத்திருப்பேன். 500 என்று வாங்கியது விண்டோஸில் 465 என்று காட்டும். யாரும் திருடவில்லை, எண்ணும் முறைதான் வேறு.

அப்புறம் பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோனா, புதிதாக நிறுவுவதா? குளோன் செய்யும் மென்பொருளான குளோன்சில்லா இலவசம், நம்பகமானது. ஆனால் 1 டிபி டிஸ்க்கிலிருந்து 500 ஜிபிக்குப் போவது போல இலக்கு சிறியதாக இருந்தால் அது முரண்டு பிடிக்கும், முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். சாகப்போகும் டிஸ்க்கைக் குளோன் செய்வதே எனக்குப் பிடிக்காது. புதிதாக நிறுவுங்கள். நான் பள்ளியில் பழகிய, கேரளப் பள்ளிகளுக்கான கைட் குனு/லினக்ஸையே போட்டேன். ஒன்றை மட்டும் மறந்தேன்: யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினி. ஏழு வருட வினாத்தாளும் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் கிச்சடி. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸையும் மறக்காமல் காப்பி எடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காக மூன்று. காலி எம்.2 ஸ்லாட்டில் அந்தப் பொடி ஸ்குரூ இல்லாமலே லேப்டாப் வரலாம், எஸ்எஸ்டி டப்பாவிலும் பெரும்பாலும் இருக்காது, கடையிலேயே கேட்டு வாங்குங்கள். 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிறகு வந்தவையும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாமல் போகலாம். அது பெரும்பாலும் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் வசதியின் வேலை, லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் பயாஸில் கைவைக்குமுன் 48 இலக்க ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

அந்த முதல் என்விஎம்இ என்ன ஆனது என்றும் கேட்டார்கள். பாக்கெட் பிரித்ததால் கடையில் திரும்ப வாங்கவில்லை. யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் பெரிய பென்டிரைவாக்கிக்கொள்ளலாம் என்று போய், சாட்டா எம்.2 கேஸை எடுத்து வந்துவிட்டேன். ஆமாம், அதிலும் இரண்டு வகை.