பழைய லக்ஷரி செடான் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க

பத்து பதினஞ்சு வருஷம் ஓடின ஒரு மெர்சிடிஸ் ஈ கிளாஸோ பிஎம்டபிள்யூ 5 சீரிஸோ புது சின்ன கார் ஒண்ணோட விலைக்கே கிடைக்குதுன்னு தெரிஞ்சதும் மனசு சும்மா இருக்காது. லெதர் சீட்டு, ஆறு சிலிண்டர் என்ஜின், கதவ சாத்தினா வர்ற அந்த கனமான சத்தம். தாராளமா வாங்கலாங்க. ஆனா வருஷம் ஆக ஆக காரோட விலை மட்டும் தான் இறங்குது, பார்ட்ஸ் விலை இறங்கறதே இல்ல. அந்த கார் புதுசுல எந்த ரேஞ்சுல வித்துச்சோ, அதோட ஏர் ஸ்ப்ரிங்கும் (கம்பி ஸ்ப்ரிங்குக்கு பதிலா காத்து நிரப்பின பை) ஹெட்லைட்டும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் இன்னைக்கும் அதே ரேஞ்சுல தான் நிக்குது. வாங்கற காசு யார்கிட்ட வேணா இருக்கும், வச்சு ஓட்டற காசு இருக்கான்னு தான் பாக்கணும்.

ஸ்டெப் 1: காச ரெண்டா பிரிங்க

கையில இருக்கறதுல மூணுல ஒரு பங்க தொடாம ஓரமா வச்சிட்டு, மிச்சத்துக்கு என்ன கார் வருதுன்னு தேடுங்க. அந்த ஒரு பங்கு மொத வருஷத்துக்கே போயிடும்: ஆயில், கூலன்ட், டயர், பேட்டரி, ப்ரேக், சஸ்பென்ஷன் புஷ்னு. முழு விலைக்கும் லோன் போட்டுத்தான் வாங்க முடியும்னா, என்னக் கேட்டா வேண்டாம்னு தான் சொல்லுவேன். அதே மாதிரி தினமும் வேலைக்கு போக இந்த ஒரு வண்டிய மட்டும் தான் நம்பியிருக்கீங்கன்னா யோசிச்சுக்கோங்க, ஏன்னா சில பார்ட்ஸ ஆர்டர் பண்ணிட்டு வாரக்கணக்குல காத்திருக்கற மாதிரி ஆகும்.

ஸ்டெப் 2: எந்த காருக்கு எந்த நோய்னு தெரிஞ்சுக்கோங்க

இங்க தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கலரு, சன்ரூஃப், அலாய் வீல் எல்லாம் பாப்பாங்க, அந்த தலைமுறை வண்டிக்குன்னு இருக்கற குறைய பாக்க மாட்டாங்க. பழைய காருல ஒரு வசதி என்னன்னா, எது கெடும்னு உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு, நீங்க தேடி படிக்கணும் அவ்ளோ தான்.

சில உதாரணம் சொல்றேன். 2002-ல வந்த மெர்சிடிஸ் டபிள்யூ211 ஈ கிளாஸ்ல எஸ்பிசின்னு ஒரு எலக்ட்ரானிக் ப்ரேக் சிஸ்டம் இருக்கு, எத்தன தடவ ப்ரேக் மிதிச்சோம்னு அந்த பம்ப்பே கணக்கு வச்சுக்கும், ஒரு எண்ணிக்கைய தாண்டினா மீட்டர்ல எச்சரிக்கை வந்துடும், அப்புறம் யூனிட்டையே மாத்தணும். 2006 ஃபேஸ்லிஃப்ட்ல, அதாவது அதே மாடல நடுவுல கொஞ்சம் மாத்தி விட்டப்போ, அத தூக்கிட்டு சாதாரண ஹைட்ராலிக் ப்ரேக்குக்கே திரும்பிட்டாங்க. அப்ப ஃபேஸ்லிஃப்ட் வண்டியே வாங்கிடலாமேன்னு தோணும், அதுலயும் எம்272 வி6 பெட்ரோல் என்ஜினா இருந்தா ஆரம்ப கால என்ஜின்கள்ல, அதிர்வ குறைக்கறதுக்கு இருக்கற பேலன்ஸ் ஷாஃப்ட்டோட பல்சக்கரம் தேயும், அத மாத்த என்ஜினையே வெளிய எடுக்கணும். உங்க வண்டி அந்த லிஸ்ட்ல வருதான்னு என்ஜின் நம்பர வச்சு கண்டுபிடிச்சிடலாம், அதனால வண்டிய பாக்க போறதுக்கு முன்னாடியே அந்த நம்பர கேட்டு வாங்கிடுங்க.

பிஎம்டபிள்யூ ஈ39, அதாவது 1995-லேந்து 2003 வரைக்கும் வந்த 5 சீரிஸ், ஓட்டறதுக்கு அவ்ளோ அருமையான கார். ஆனா கூலிங் சிஸ்டம்ல பாதிக்கு மேல ப்ளாஸ்டிக். எக்ஸ்பான்ஷன் டேங்க் ஜாயின்ட்ல வெடிக்கும், ரேடியேட்டரோட ஹோஸ் மாட்டற கழுத்து ஒடியும். இதுல கொடும என்னன்னா, சூடு கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் டெம்பரேச்சர் ஊசி நடுவுலயே நிக்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருக்காங்க, ஊசி மேல ஏற ஆரம்பிக்கும்போது விஷயம் கை மீறி போயிருக்கும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், ஒரே ஒரு தடவ நல்லா சூடானா வளைஞ்சிடும்.

1990-கள்ல, குறிப்பா 1992-95 வாக்குல வந்த மெர்சிடிஸ்ல என்ஜின் ஒயரிங்கோட மேல் உறை தானா பொடிஞ்சு உதிரும். ஜாகுவார் எக்ஸ்ஜே வி8-ல, 1997-ல வந்த மாடல்ல, டைமிங் செயின (என்ஜின் வால்வுகள சரியான நேரத்துல இயக்கற செயின்) இறுக்கி பிடிக்கற டென்ஷனர் ப்ளாஸ்டிக், உடைஞ்சிடும். லெக்ஸஸ் எல்எஸ்400 மட்டும் தான் இந்த கூட்டத்துல கொஞ்சம் சாது, 1989-ல வந்த வண்டி, அந்த 4 லிட்டர் வி8 பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் சேத்து மாத்தியிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. அதுலயும் பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகி ஆல்டர்னேட்டர் மேல விழுந்து அதையும் சேத்து கெடுக்கும்.

ஒரே மாடல்ல பல ஆப்ஷன் இருந்தா, கம்மி பொருள் இருக்கறத எடுங்க. வி8-க்கு பதில் ஆறு சிலிண்டர், ஏர் சஸ்பென்ஷனுக்கு பதில் சாதா ஸ்டீல் ஸ்ப்ரிங். "ஃபுல் ஆப்ஷன் சார்"னு விக்கறவர் பெருமையா சொல்லுவாரு, அந்த ஒவ்வொரு ஆப்ஷனும் பின்னாடி ஒரு பில்லா வந்து நிக்கும்.

ஸ்டெப் 3: கார விட அதோட பில் கட்ட பாருங்க

ரெண்டு வண்டி இருக்கு. ஒண்ணு கிலோமீட்டர் கம்மி, பளபளன்னு இருக்கு, ஆனா சர்வீஸ் பில் ஒண்ணு கூட இல்ல. இன்னொண்ணு கிலோமீட்டர் ஜாஸ்தி, பம்பர்ல கீறல், ஆனா எந்த வருஷம் எத மாத்தினாங்கன்னு கட்டு கட்டா பேப்பர் இருக்கு. கண்ண மூடிட்டு ரெண்டாவத எடுங்க. லேபர் மட்டும் போட்ட பில்லுக்கும், பார்ட் நம்பரோட இருக்கற பில்லுக்கும் வித்தியாசம் இருக்கு, ரெண்டாவது வகை தான் நம்பலாம். ஒவ்வொரு பில்லுலயும் தேதியும் ஓடோமீட்டர் ரீடிங்கும் வரிசையா ஏறுதான்னு பாருங்க, நடுவுல எங்கயாவது இறங்குனா மீட்டர்ல கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

பதினேழு எழுத்து வின் நம்பர, அதாவது சேஸிஸ் நம்பர, வாங்கி ஆன்லைன் டீகோடர்ல போட்டா ஃபேக்டரிலேந்து வெளிய வரும்போது என்ன என்ஜின், என்ன கலர், என்ன சஸ்பென்ஷன்னு வந்துடும். ரீகால் (குறைய சரி பண்ண கம்பெனியே வண்டிய திரும்ப கூப்பிடறது) ஏதாவது பாக்கி இருக்கான்னும் கம்பெனில அதே நம்பர சொல்லி கேக்கலாம். கார் மேல கடன் பாக்கி இருக்கா, பேப்பர் யார் பேர்ல இருக்குங்கறதெல்லாம் எந்த பழைய வண்டிக்கும் பாக்கறது தான், அத விட்டுடாதீங்க.

ஸ்டெப் 4: என்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது போங்க

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லி வச்சிட்டு போங்க, போன உடனே பானட்டுல கைய வைங்க. சூடா இருந்தா எதையோ மறைக்கத்தான் ஓட்டி வச்சிருக்காங்கன்னு சந்தேகப்படறதுல தப்பில்ல.

ஏர் சஸ்பென்ஷன் வண்டின்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே நாலு பக்கமும் சுத்தி வந்து டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல எத்தன விரல் போகுதுன்னு வச்சு பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில ஒரு மூல மட்டும் தணிஞ்சு உக்காந்திருந்தா அந்த ஏர் ஸ்ப்ரிங் லீக். "கம்ப்ரஸர் மாத்தினா சரியாயிடும்"னு சொல்லுவாங்க. லீக் ஆகற ஸ்ப்ரிங்குக்கு காத்து அடிச்சு அடிச்சுத்தான் அந்த கம்ப்ரஸரே செத்திருக்கும், ஸ்ப்ரிங்க விட்டுட்டு புது கம்ப்ரஸர் போட்டா அதுவும் அதே வழியில போகும்.

இப்ப ஸ்டார்ட் பண்ண சொல்லிட்டு நீங்க சைலன்சர் பக்கம் நில்லுங்க. குளிர் நேரத்துல கொஞ்சம் வெள்ள ஆவி வந்து நின்னுடுச்சுன்னா ஒண்ணும் இல்ல. நின்னுடாம வெள்ள புகையா வந்துட்டே, இனிப்பு வாசனையும் அடிச்சா கூலன்ட் உள்ள எரியுது. நீலமா வந்தா ஆயில். பிஎம்டபிள்யூ என்62 வி8-ல இன்னொரு சோதனை இருக்கு: நல்லா சூடானதும் அஞ்சு பத்து நிமிஷம் ஐடிலிங்ல விட்டுட்டு ஒரு தடவ ஆக்ஸிலரேட்டர அழுத்துங்க, பின்னாடி நீல மேகம் கிளம்பினா, ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்காம தடுக்கற வால்வ் ஸ்டெம் சீல் போயிடுச்சு. ஸ்டார்ட் ஆன மொத சில வினாடி டைமிங் செயின் கடகடன்னு சத்தம் போடுதான்னும் காது குடுத்து கேளுங்க.

என்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே கூலன்ட் மூடிய திறந்து பாத்துடுங்க, சூடானதுக்கு அப்புறம் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. உள்ள துரு கலர்ல இருந்தா வெறும் தண்ணி ஊத்தி ஓட்டியிருக்காங்க, க்ரீம் மாதிரி கெட்டியா இருந்தா ஆயில் கலந்திருக்கு, பேசாம வீட்டுக்கு வந்துடுங்க.

அப்புறம் எல்லா ஸ்விட்சையும் அமுக்குங்க. வெக்கமே படாதீங்க. நாலு கண்ணாடி, சன்ரூஃப், ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு திசையிலயும், ஏசி ரெண்டு பக்கமும் தனித்தனியா, மீட்டர்ல பிக்ஸல் காணாம போயிருக்கா. கால் மிதிக்கற கார்ப்பெட்ட தூக்கி கீழ இருக்கற ஃபோம அழுத்தி பாருங்க, ஈரமா இருந்தா அது பெரிய தலைவலி, ஏன்னா பல வண்டில கம்ப்யூட்டர் மாட்யூலும் கனெக்டரும் அந்த கார்ப்பெட்டுக்கு அடியில தான் இருக்கு.

ஸ்டெப் 5: ஓட்டி பாருங்க

கியர்பாக்ஸ் சூடான பிறகு தான் பேசும், அதனால தெருவ ஒரு சுத்து சுத்திட்டு திரும்பிடாதீங்க, குறைஞ்சது அரை மணி நேரம். லேசா ஆக்ஸிலரேட்டர் குடுத்து ஒரே வேகத்துல போகும்போது, ரோட்டுல கோடு கோடா மேடு போட்ட மாதிரி ஒரு அதிர்வு வருதான்னு கவனிங்க. 2000-களோட தொடக்கத்துல வந்த சில மெர்சிடிஸ்ல ரேடியேட்டர் உள்ளுக்குள்ளயே விட்டுப்போய் கூலன்ட் கியர்பாக்ஸ் ஆயில்ல கலந்துடும், அதோட மொத அறிகுறி இது தான். நின்னுட்டே ரிவர்ஸ்ல போட்டா டக்குன்னு இடிக்கக்கூடாது, ரெண்டு செகண்ட் யோசிக்கவும் கூடாது. காலியான ரோட்டுல ப்ரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் ஆடுனா டிஸ்க்கா கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷான்னு பாக்கணும்.

ஸ்டெப் 6: ஸ்கேனரும் லிஃப்ட்டும்

அந்த ப்ராண்ட தினமும் பாக்கற தனி மெக்கானிக் ஒருத்தர பிடிச்சு, வாங்கறதுக்கு முன்னாடியே வண்டிய லிஃப்ட்ல ஏத்தி காட்டுங்க. அவருக்கு குடுக்கற காசு வீணே இல்ல. விக்கறவர் இதுக்கு ஒத்துக்கலன்னா அங்கயே பேச்ச முடிச்சிடுங்க.

காரோட கம்ப்யூட்டர்ல மாட்டி படிக்கற சாதா ஓபிடி ஸ்கேனர் என்ஜினோட எரர் கோடு மட்டும் தான் காட்டும், ஏர்பேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாம் படிக்க அந்த ப்ராண்டுக்கான ஸ்கேனர் வேணும். கோடு ஒண்ணுமே இல்லன்னு காட்டினாலும் உடனே சந்தோஷப்படாதீங்க, ரெடினெஸ் மானிட்டர், அதாவது கார் தன்னையே சோதிச்சுக்கற டெஸ்ட், எல்லாம் முடிஞ்சிருக்கான்னு பாக்க சொல்லுங்க. பாதி முடியாம நின்னா, யாரோ இப்பத்தான் கோட அழிச்சிருக்காங்க இல்லன்னா பேட்டரிய கழட்டி மாட்டியிருக்காங்க. டயர் பக்கவாட்டுல டாட் நம்பரோட கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச வாரமும் வருஷமும், 2319-னா 2019-ஆவது வருஷம் 23-ஆவது வாரம். நாலு டயரும் நாலு கம்பெனின்னா ஓனர் எப்படிப்பட்டவர்னு அதுவே சொல்லிடும்.

ஸ்டெப் 7: பேரம்

மெக்கானிக் எழுதி குடுத்த லிஸ்ட்ட எடுத்து பார்ட்ஸ் விலைய பக்கத்துல எழுதி கொண்டு போய் பேசுங்க. வேற டெக்னிக் ஒண்ணும் தேவையில்ல.

ஸ்டெப் 8: வாங்கின மொத மாசம்

முந்தின ஓனர் என்ன சொன்னாலும் சரி, எல்லா ஆயிலையும் மாத்திடுங்க. ப்ரேக் ஃப்ளூயிட் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்த வேண்டியது, பாதி பேர் மாத்தறதே இல்ல. கூலன்ட்ட கலர் பாத்து ஊத்தாதீங்க, கம்பெனி சொல்ற ஸ்பெக் பாத்து ஊத்துங்க. என்ஜின் ஆயிலும் அப்படித்தான், டப்பாவுக்கு பின்னாடி எம்பி 229.5, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01 மாதிரி உங்க மேனுவல்ல இருக்கற அப்ரூவல் இருக்கணும்.

கியர்பாக்ஸ் ஆயில பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும். "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்"னு ஷோரூம்ல சொல்லியிருப்பாங்க. ஆனா பிஎம்டபிள்யூ, ஜாகுவார் மாதிரி பல வண்டிக்கு கியர்பாக்ஸ் செஞ்சு குடுக்கற இசட்எஃப் கம்பெனியே 80,000-லேந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா எட்டு வருஷத்துல, மாத்துங்கன்னு தான் சொல்றான். அவங்களோட ஆறு கியர் 6எச்பி பாக்ஸ்ல பல வண்டிக்கு ஆயில் பேனே ப்ளாஸ்டிக், ஃபில்டர் அதோட ஒட்டியே வரும், ரெண்டும் சேத்து தான் மாத்த முடியும். ஆயில் லெவல என்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டுல இருக்கும்போது பாக்கணும், ஸ்கேனர் இல்லாம கண் அளவுல ஊத்தற இடத்துக்கு கொண்டு போகாதீங்க. எஸ்பிசி ப்ரேக் இருக்கற மெர்சிடிஸ்ல பேடு மாத்தறதும் இப்படித்தான், மொதல்ல சிஸ்டத்த ஆஃப் பண்ணனும், இல்லன்னா அது தானா ப்ரேக் பிடிச்சு வேல செய்யறவர் விரல நசுக்கிடும்.

ஸ்டெப் 9: வச்சு ஓட்டறது

பார்ட்ஸ் வாங்கும்போது மெர்சிடிஸ் ஸ்டார் மாதிரி கார் கம்பெனி முத்திரை போட்ட டப்பா தான் வேணும்னு இல்ல. லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ், மாலே இவங்க தான் நிறைய பார்ட்ஸ கம்பெனிக்கே சப்ளை பண்றவங்க, அதே பொருள் அவங்க சொந்த டப்பால கம்மி விலைக்கு வரும். ஆனா பேர் தெரியாத சீப் கன்ட்ரோல் ஆர்ம் மட்டும் வாங்காதீங்க, சீக்கிரமே தட்ட ஆரம்பிச்சு ரெண்டாவது தடவ லேபர் குடுப்பீங்க.

இந்த கார்கள்ல வர்ற விசித்திர கோளாறுல பாதிக்கு காரணம் பேட்டரி தான். பத்து வார்னிங் ஒரே நேரத்துல வந்தா பயப்படாம வோல்டேஜ் பாருங்க, ராத்திரி நின்ன வண்டில 12.6 பக்கத்துல இருக்கணும், என்ஜின் ஓடும்போது 13.8-லேந்து 14.5 வரைக்கும். ஈ60-லேந்து (ஈ39-க்கு அடுத்து வந்த 5 சீரிஸ்) வந்த பல பிஎம்டபிள்யூல பேட்டரி மாத்தினா ஸ்கேனர்ல ரெஜிஸ்டர் பண்ணனும், இல்லன்னா பழைய பேட்டரின்னு நெனச்சே சார்ஜ் பண்ணிட்டு இருக்கும்.

மழ காலத்துக்கு முன்னாடி சன்ரூஃப் ஓரத்துல இருக்கற சின்ன ட்ரெயின் ஓட்டைல ஒரு கப் தண்ணி மெதுவா ஊத்துங்க, கீழ வீல் பக்கமா சொட்டணும். சொட்டலன்னா இலையும் மண்ணும் அடைச்சிருக்கு, மெல்லிசா வளையற நைலான் ஒயர விட்டு எடுங்க. கம்ப்ரஸர்ல காத்து அடிச்சு எடுக்கலாம்னு பாக்காதீங்க, உள்ள ட்யூப் கழண்டுக்கிட்டா ஹெட்லைனர, அதாவது உள்கூரை துணிய, இறக்காம மாட்ட முடியாது.