பர்கூர் மலையில் தவறிய மாட்டை மீட்ட விதம்

அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் மேயப் போன எங்கள் சினைமாடு பட்டிக்குத் திரும்பவில்லை. கோடையில் காடெல்லாம் அலைவதைவிடத் தண்ணீர் நிற்கிற பள்ளத்தைப் பார்ப்பதே மேல். அங்கே சேற்றில் குளம்புத்தடம் விளிம்பு உதிராமல் இருந்தது. பக்கத்துச் சாணியைக் குச்சியால் கிளறினால் உள்ளே இன்னும் ஈரம். சரி, காலையில்தான் வந்திருக்கிறது.

கன்று போட்ட மாடு கன்றைப் புதரில் மறைத்துவிட்டுத் தண்ணீருக்கு வரும். தம்பியும் நானும் காத்திருந்தோம். யானை நடமாடும் காடு, பொழுது சாய்ந்தபின் அங்கே இருக்கவே கூடாது.

வயிறு ஒட்டி, மடி கனத்து மாடு வந்தது. பர்கூர் மாடு மிரண்டால் பிடிக்க முடியாது. விரட்டாமல் தள்ளியே பின்தொடர்ந்தோம். உண்ணிச்செடிப் புதருக்குள் செங்கன்று, வெள்ளைத் திட்டுகளோடு. தம்பி அதைத் தோளில் தூக்கினான். தாய் முட்டிவிடாதபடி நான் தடியோடு இடையில் நடந்தேன். அப்புறம் பட்டிவரை அதுவாகவே வந்துவிட்டது.